மலிவு டிலே பெடலை வளைக்கப் போய் எதிரொலி ஊமையாகிவிட்டது – சிப் இறந்துவிட்டதா?

#1 மூன்றாம்தந்தி

நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் ஒரு மலிவு விலை டிலே பெடல் (கிட்டார் ஒலிக்கு எதிரொலி கூட்டும் பெட்டி) இருக்கிறது. நேரம், மறுமுறை, கலவை என்று மூன்றே திருகுகள். மேல்மூடியில் பெரிய எழுத்தில் 'அனலாக்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஒலி மோசமில்லை, ஆனால் அடக்கஒடுக்கமாக இருக்கும். கொஞ்சம் குறும்பு சேர்க்கலாம், சர்க்யூட்டை 'வளைக்கலாம்' (உள்ளே புது இணைப்புகள் போட்டு விசித்திர ஒலி தேடலாம்) என்று திறந்தேன்.

உள்ளே பதினாறு கால் சிப் ஒன்று, முதுகில் பிடி2399 என்று எழுத்து. பக்கத்தில் ஒலியைப் பெருக்கும் எட்டுக் கால் 4558 ஆப்-ஆம்ப், மின்னழுத்தத்தைக் குறைத்து நிலையாக வைக்கும் ஒரு மூன்று கால் ரெகுலேட்டர். ஆறாம் கால்தான் நேரத்தைத் தீர்மானிக்கிறது என்று எங்கோ படித்திருந்தேன். ஒரு கம்பியை அந்தக் காலில் பற்றவைத்து, மறுமுனையை விரலால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பெட்டியின் உலோகத்தைத் தொட்டேன். வாசித்த சுரம் அப்படியே மேலே வழுக்கிக்கொண்டு போயிற்று! பெடல் வாங்கிய நாளிலிருந்து இவ்வளவு மகிழ்ச்சி எனக்குக் கிடைத்ததில்லை.

பேராசை வந்துவிட்டது. ஆறாம் காலை நேராக கிரவுண்டில் (சுழிய வோல்ட் கோட்டில்) சேர்க்கும்படி ஒரு சுவிட்சு வைத்தேன். சுவிட்சு 'ஆன்' நிலையில் இருந்தபோதே மின்சாரம் கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான். நேரடி ஒலி வருகிறது, எதிரொலி அறவே இல்லை. சுவிட்சை அணைத்துப் பார்த்தேன், திரும்பவில்லை. சிப் லேசாகச் சுடுவது போலவும் தோன்றுகிறது. கொன்றுவிட்டேனா?

#2 ஈயப்புகை

கொல்லவில்லை. மயங்கியிருக்கிறது.

மின்சாரத்தை முழுவதுமாகப் பிடுங்குங்கள். சுவிட்சைத் திறந்த நிலையில் வையுங்கள். நேரத் திருகை நடுவுக்குக் கொண்டு வாருங்கள். பத்து வரை எண்ணிவிட்டு மீண்டும் மின்சாரம் கொடுங்கள். நூற்றில் தொண்ணூறு முறை எழுந்துவிடும்.

நடந்தது இதுதான். அந்தச் சிப்புக்குள் ஓர் அலையியற்றி இருக்கிறது. அதன் வேகத்தை ஆறாம் காலிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் மின்னோட்டம் நிர்ணயிக்கிறது. அந்தக் காலில் ஏறக்குறைய 2.5 வோல்ட் நிற்கும். கால் வழியே எவ்வளவு அதிகம் இழுக்கிறோமோ அவ்வளவு வேகமாகக் கடிகாரம் ஓடும், டிலே அவ்வளவு குறையும். சிப்பின் விவரத்தாள்படி 27.6 கிலோ ஓம் வைத்தால் கடிகாரம் 2 மெகாஹெர்ட்ஸ், டிலே 342 மில்லி விநாடி. 12.1 கிலோ ஓம் என்றால் 4 மெகாஹெர்ட்ஸ், 171 மில்லி விநாடி. வேகம் இரட்டித்தால் நேரம் பாதி, கணக்கு அவ்வளவு சுத்தம். வெறும் அரை ஓமில் 31.3 மில்லி விநாடி. அதற்குக் கீழே அட்டவணை இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும்போது அரை கிலோ ஓமைக்கூடச் சிப் தாங்கும். விழித்தெழும் முதல் அரை விநாடியில்தான் பிரச்சினை. அப்போது ஆறாம் காலில் ஒன்றிரண்டு கிலோ ஓமுக்குக் குறைவாக இருந்தால் உள்ளே ஒரு தவறான நிலையில் பூட்டிக்கொள்கிறது. அதன்பின் தடையை எவ்வளவு ஏற்றினாலும் கேட்காது. மின்சாரத்தை அணைத்தால்தான் பூட்டு கழலும். நீங்கள் சுழியம் ஓமில் எழுப்பியிருக்கிறீர்கள்!

எழுந்ததும் முதல் வேலையாக அந்தச் சுவிட்சோடு 2 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வையுங்கள். அதற்குப் பிறகு எந்த நிலையில் பெடலை ஏற்றினாலும் தொல்லை இராது.

#3 மூன்றாம்தந்தி

எழுந்துவிட்டது! மூன்றாவது முயற்சியில் எழுந்தது, ஆனாலும் எழுந்தது. ஈயப்புகை ஐயாவுக்குக் கோடி நன்றி. 2 கிலோ ஓம் வைத்துவிட்டேன். இப்போது சுவிட்சை அழுத்தினால் எதிரொலி சட்டென்று குறுகி ஒரு குழாய்க்குள் பேசுவது போல ஆகிறது, விட்டால் ஊளையிட்டுக்கொண்டு கீழே இறங்குகிறது. அந்த இறங்கும் ஊளைதான் எனக்கு வேண்டும். ஆனால் ஒன்று புரியவில்லை. நேரத்தைத்தானே மாற்றுகிறேன், சுருதி ஏன் மாறுகிறது?

#4 ஈயப்புகை

கடிகாரம் ஒன்றே எழுதவும் செய்கிறது, வாசிக்கவும் செய்கிறது. அதனால்தான். மெதுவாக எழுதி வைத்ததை வேகமாக வாசித்தால் சுருதி ஏறும், வேகமாக எழுதியதை மெதுவாக வாசித்தால் இறங்கும். நினைவகத்தில் பழைய சரக்கு தீரும்வரைதான் இந்த வழுக்கல். தீர்ந்ததும் சுருதி இயல்புக்கு வந்துவிடும். ஒலிநாடாவின் ஓட்டத்தைக் கையால் நிறுத்தி விடுவது போலத்தான்.

அந்த நினைவகம் மிகச் சிறியது என்பதையும் மனதில் வையுங்கள். மொத்தமே 44 கிலோபிட். ஒலியை எண்களாக அளந்து வைக்கும் இடமில்லை. 'ஏறு', 'இறங்கு' என்ற இரண்டே சொற்களில், கணத்துக்கு ஒரு பிட் என்று எழுதுகிறது. 342 மில்லி விநாடியில் அதை நிரப்பினால் விநாடிக்கு ஒன்றேகால் லட்சம் பிட்டுக்கு மேல் கிடைக்கிறது, காதுக்குத் தகும். ஆறாம் காலில் 85 கிலோ ஓம் வைத்து ஒரு விநாடி டிலேக்கு இழுத்தால் அதே 44 கிலோபிட் ஒரு முழு விநாடிக்குப் பரிமாற வேண்டும். சோறு அதே, பந்தி மும்மடங்கு. அப்போது எழும் கரகரப்பும் விசிலும் பழுது இல்லை, பசி.

தோராயக் கணக்கு வேண்டுமானால்: கிலோ ஓம் எண்ணை 11.46ஆல் பெருக்கி 29.7 கூட்டுங்கள், மில்லி விநாடி வரும்.

#5 மின்காப்பு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். முதல் பதிவில் 'ஒரு கையால் கம்பி, மறுகையால் உலோகப் பெட்டி' என்று படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. மூன்றாம்தந்தி, அப்போது பெடல் எதில் ஓடிக்கொண்டிருந்தது? அடாப்டரிலா, பேட்டரியிலா? ஆம்ப் இணைந்திருந்ததா?

உடலைச் சர்க்யூட்டின் ஒரு பகுதியாக ஆக்கும் எந்த விளையாட்டும் 9 வோல்ட் பேட்டரியில் மட்டும்தான். பெடல் பேட்டரியில் ஓடினாலும் அதன் கிரவுண்டு, கேபிள் வழியாக ஆம்பின் கிரவுண்டோடு சேர்ந்துதான் இருக்கிறது. ஆம்ப் பழுதானதாக, எர்த் இல்லாததாக இருந்தால் உங்கள் விரல் அந்தப் பழுதின் வாசலில் நிற்கிறது. தேடும் கட்டத்தில் பேட்டரியில் ஓடும் சிறு பயிற்சி ஆம்பே போதும். சுவரில் செருகும் எந்தப் பொருளின் உள்ளேயும் இந்த வேலை கூடாது. வால்வு ஆம்பின் உள்ளே கை வைப்பது பற்றி யோசிக்கவும் வேண்டாம், அணைத்த பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும்.

இன்னொன்று, ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். இந்தப் பெடல்கள் எச்சரிக்காமல் அலறும்.

#6 மூன்றாம்தந்தி

பேட்டரிதான், ஆனால் ஆம்ப் சுவரில் செருகியது. இனி மாற்றிக்கொள்கிறேன். ஹெட்ஃபோன் பற்றிய அறிவுரை ஒரு நாள் தாமதமாக வந்திருக்கிறது.

#7 தவளைச்சத்தம்

எல்லாரும் சேர்ந்து இதை ஒரு பொறியியல் வகுப்பாக்கிவிட்டீர்கள்.

சர்க்யூட் பெண்டிங், அதாவது இந்த வளைப்பு, எப்படிப் பிறந்தது? 1960களில் ரீட் கசாலா என்ற இளைஞரின் மேசை இழுப்பறைக்குள் ஒரு சிறு ஆம்ப்ளிஃபையர் திறந்த நிலையில் கிடந்தது. ஏதோ உலோகத்தில் பட்டு ஷார்ட் ஆகி, தானாகவே விசித்திரமாகப் பாடத் தொடங்கியது. அவர் விவரத்தாள் படித்தா கண்டுபிடித்தார்? காதைத் தீட்டினார். இந்தக் கலைக்குப் பெயரே அவர் 1992இல்தான் வைத்தார். அதற்குள் கால் நூற்றாண்டு வளைத்துத் தீர்த்திருந்தார். ஆறாம் கால், 2 கிலோ ஓம், 11.46 என்று பேச ஆரம்பித்தால் அது பெண்டிங் இல்லை, வெறும் 'மாட்', திட்டமிட்ட மாற்றம். நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முனைகளைத் தொடுவேன். பிடித்திருந்தால் சுவிட்சு, பிடிக்காவிட்டால் அடுத்த இடம்.

#8 ஈயப்புகை

கண்ணை மூடிக்கொண்டு தொட்டு எத்தனை பெடல்களைப் புதைத்தீர்கள் என்றும் சொல்லிவிடுங்களேன்.

வாதம் எனக்குப் புரிகிறது, பாதி உடன்பாடும் உண்டு. ஆனால் குழந்தைகளின் பேசும் பொம்மையில் இருப்பது மூன்று அல்லது நான்கரை வோல்ட், சர்க்யூட் முழுவதும் அதே வோல்ட். எங்கே தொட்டாலும் பெரும்பாலும் பிழைக்கும். டிலே பெடலில் அப்படி இல்லை. ஆப்-ஆம்புக்கு 9 வோல்ட், எதிரொலிச் சிப்புக்கு 5 வோல்ட், இரண்டும் ஒரே பலகையில் விரற்கடை இடைவெளியில் ஓடுகின்றன. 9 வோல்ட் கோட்டிலிருந்து சிப்பின் ஒரு காலுக்குக் கம்பி தாவினால் அடுத்த கணம் சிப் போயிற்று. அந்த மரணத்துக்குப் பத்து வரை எண்ணிப் பயனில்லை.

ஆகவே ஒரு சமரசம். இரண்டு முதலைக் கிளிப் கம்பிகளுக்கு நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பற்றவைத்து, அதையே தேடும் கோலாக வைத்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரை எடுத்து, 5 வோல்ட்டுக்கு மேல் காட்டும் எல்லாப் புள்ளிகளிலும் சிவப்பு மையால் ஒரு பொட்டு வையுங்கள். ரெகுலேட்டரின் மூன்று கால்களுக்கும் சேர்த்து. சிவப்பைத் தவிர வேறெங்கும் கண்ணை மூடிக்கொண்டு தொடலாம். உங்கள் தவளைகள் தாராளமாகப் பாடும்.

#9 தவளைச்சத்தம்

நான்கு. நான்கு பெடல்கள். சிவப்புப் பொட்டு யோசனையை ஏற்றுக்கொள்கிறேன்.

#10 நாடாஒலி

யாரும் 'அனலாக்' அச்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே! ஒலியைப் பிட்டுகளாக நறுக்கி நினைவகத்தில் வைக்கும் சிப்பை வைத்துக்கொண்டு 'அனலாக்' என்று எழுதுவது எனக்கு எப்போதும் எரிச்சல். இந்தச் சிப் கரோக்கிப் பெட்டிகளில் குரலுக்கு எதிரொலி கூட்டுவதற்கென்று வந்தது. எதிரொலியை மங்கலாக வடிகட்டி வெளியே விடுவதால் காதுக்குப் பழைய அனலாக் போலக் கேட்கிறது. மற்றபடி அது டிஜிட்டல்தான்.

உண்மையான அனலாக் டிலே என்றால் பக்கெட் பிரிகேட். தீயணைக்கும்போது வரிசையாக நின்று வாளி கைமாற்றுவது போல, மின்னூட்டத்தை ஒரு கெப்பாசிட்டரிலிருந்து அடுத்ததற்கு ஊற்றிக்கொண்டே போகும். 1969இல் ஃபிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. எம்என்3005 என்ற சிப்பில் அப்படி 4096 வாளிகள். கடிகாரத்தை 10 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினால் 205 மில்லி விநாடி. உங்கள் பலகையில் பெரிய டிலே சிப்புக்குப் பக்கத்தில் எட்டுக் கால் கடிகாரச் சிப் ஒன்று தனியாக இருந்தால் அது இந்தக் குடும்பம். அங்கே ஆறாம் கால் வித்தைகள் செல்லாது. கடிகாரச் சிப்பின் சிறிய கெப்பாசிட்டரை மாற்றி விளையாட வேண்டும்.

#11 மூன்றாம்தந்தி

அச்சிட்டவர்களை மன்னித்துவிட்டேன். பொய் சொன்னாலும் நன்றாகப் பாடுகிறது.

இப்போது என் நிலைமை: பெட்டியில் மேலும் மூன்று துளைகள் போட இடம் இருக்கிறது, நான்காவது போட்டால் பேட்டரி நுழையாது. முதல் துளை ஊளைச் சுவிட்சுக்கு. மற்ற இரண்டில் என்ன வைக்கலாம்?

#12 ஈயப்புகை

ஒன்று கட்டாயம் ஃபீட்பேக். மற்றதெல்லாம் அலங்காரம் என்றே சொல்வேன்.

'மறுமுறை' திருகின் நடுக்காலிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக ஒலி மீண்டும் உள்ளீட்டுக் கலவைக்குப் போகும். ஒவ்வொரு சுற்றிலும் ஒலி கொஞ்சம் தேய வேண்டும் என்பதற்காக, திருகை முழுவதும் திருப்பினாலும் சுற்றின் பெருக்கம் ஒன்றைத் தாண்டாதபடி அந்த ரெசிஸ்டரைத் தேர்ந்திருப்பார்கள். தொழிற்சாலையின் நாகரிகம் அது. அந்த ரெசிஸ்டருக்கு இணையாக அதே மதிப்புள்ள இன்னொன்றை, அழுத்தினால் மட்டும் சேரும் புஷ் பட்டன் வழியாக வையுங்கள். பாதித் தடை, இரட்டைப் பெருக்கம். பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும்வரை எதிரொலி தேயாமல் வளர்ந்துகொண்டே போகும். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டாலும் போகும், அறையின் இரைச்சலே அதற்குத் தீனி. விட்டால் மெல்ல அடங்கும்.

நிலையான சுவிட்சு வேண்டாம், பட்டன் போதும். சுவிட்சு வைத்தவர்கள் மறந்துவிடுகிறார்கள், பிறகு ஒலிபெருக்கி மறக்காது.

இந்த வளர்ச்சிக்கு எல்லை சிப்பின் 5 வோல்ட்தான், அது முரட்டு எல்லை. கொஞ்சம் மென்மையாக்க இரண்டு 1என்4148 டையோடுகளை எதிரெதிராக கிரவுண்டுக்கு வைத்தால் ஏறக்குறைய 0.6 வோல்ட்டில் தலையை மழுக்கும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். டையோடுகளை ஆப்-ஆம்பின் எதிர்மறை உள்ளீட்டுக் காலருகில் வைத்தால் ஒன்றும் நடக்காது, அங்கே மின்னழுத்தம் அசைவதே இல்லை. நடுக்காலுக்கும் அந்த ரெசிஸ்டருக்கும் இடையில் 4.7 கிலோ ஓம் ஒன்றைச் சேர்த்து, அதைத் தாண்டிய முனையில் வையுங்கள். அந்த இடத்தில் டிசி (நிலையாக நிற்கும் மின்னழுத்தம்) இல்லை என்பதை முதலில் மீட்டரால் பார்த்துக்கொள்ளுங்கள், 2.5 வோல்ட் நின்றால் ஒரு டையோடு எப்போதும் திறந்தே கிடந்து ஒலியை விழுங்கிவிடும்.

ஊளைச் சுவிட்சையும் இந்தப் பட்டனையும் ஒன்றாக அழுத்திப் பாருங்கள். டிலே ஐம்பது மில்லி விநாடிக்குச் சுருங்கும்போது சுற்று விநாடிக்கு இருபது முறை தன்னைத்தானே மிதிக்கும். அது எதிரொலி இல்லை, உறுமல்.

#13 புதுக்காது

நீண்ட நாள் வாசகன், முதல் பதிவு. என்னுடையதும் மலிவுப் பெடல்தான், ஆனால் கைக்கடக்கமான குட்டி வகை. திறந்தால் பதினாறு கால் சிப்பே இல்லை. நாலாபுறமும் மயிரிழைக் கால்களோடு கறுப்புச் சதுரம் ஒன்று, பக்கத்தில் பளபளவென்று ஒரு உலோகக் குப்பி. எங்கே தொடுவது?

#14 ஈயப்புகை

தொட வேண்டாம். உங்களுடையது முழு டிஜிட்டல். டிலே, ஃபீட்பேக், கலவை எல்லாம் நிரலுக்குள் நடக்கின்றன. வெளியே தொட்டு வளைக்கக் கம்பியே இல்லை. அந்த உலோகக் குப்பி படிகம், கடிகாரத் துடிப்பைத் தருவது. அதை நீக்கிவிட்டு மாறும் அலையியற்றி வைப்பவர்கள் உண்டு. வேகத்தைக் குறைத்தால் முழுப் பெடலும் கிழவன் போலப் பேசும், எல்லை மீறினால் உறைந்துவிடும். மயிரிழைக் கால்களுக்கு நடுவே முதல் முறை சால்டர் பிடிப்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பதினாறு கால் சிப் உள்ள ஒன்றைத் தேடுங்கள்.

#15 நாடாஒலி

இரண்டாவது துளைக்கு என் வாக்கு: ஃபீட்பேக் வழியில் ஒரு ஜாக். எதுவும் செருகாதபோது தானாக மூடிக்கொள்ளும் சுவிட்சு வகை ஜாக்கை வையுங்கள், பெடல் பழையபடியே இயங்கும். அதில் இன்னொரு பெடலைச் செருகினால் எதிரொலி ஒவ்வொரு சுற்றிலும் அதன் வழியாகப் போய் வரும். ஃபேஸரைப் போட்டால் முதல் எதிரொலி லேசாகச் சுழலும், ஐந்தாவது தலைசுற்றும். சுருதி மாற்றும் பெடல் இருந்தால் ஒவ்வொரு எதிரொலியும் ஒரு படி ஏறும், படிக்கட்டில் யாரோ ஓடுவது போல. சாதாரண டிஸ்டார்ஷனை மட்டும் மிகக் குறைந்த அளவில் வையுங்கள், அதன் பெருக்கம் சுற்றை உடனே கவிழ்த்துவிடும்.

மூன்றாவதற்கு எல்டிஆர். ஒளி பட்டால் தடை குறையும் அந்தச் சிறிய வட்டத்தை உங்கள் 2 கிலோ ஓமோடு தொடராக்கி, நேரத் திருகுக்கு இணையாக ஆறாம் காலில் சேருங்கள். இருட்டில் அதன் தடை மெகா ஓமில் இருக்கும், இல்லாதது போலவே. திருகு சொன்ன நேரம் அப்படியே. வெளிச்சத்தில் நேரம் சுருங்கும். காலின் நிழலை அசைத்தாலே எதிரொலி நீந்தும்.

#16 தவளைச்சத்தம்

பட்டினி போடுவதை விட்டுவிட்டீர்களே! சிப்புக்குப் போகும் 5 வோல்ட்டில் ஒரு பொட் (தடையை மாற்றும் திருகு) வைத்துக் குறைத்தால் எதிரொலி செத்துக்கொண்டே பேசும். எல்லாரும் புகழ்கிறார்கள். நான் 1 கிலோ ஓம் பொட் வைத்தேன். ஒரு மயிரளவு திருப்பினால் ஒன்றுமில்லை, இன்னொரு மயிரளவு திருப்பினால் மொத்தமும் நின்றுவிடுகிறது. நடுவே எதுவுமே இல்லை. ஏன்?

#17 ஈயப்புகை

நீங்கள் வெறுக்கும் கணக்குதான் பதில். சிப் ஏறக்குறைய 15 மில்லி ஆம்பியர் குடிக்கும். 100 ஓம் வழியாக அது பாய்ந்தால் 1.5 வோல்ட் குறையும், சிப்புக்கு 3.5தான் கிடைக்கும். விவரத்தாள் கேட்பது குறைந்தது 4.5. ஆக, சுவையான எல்லை முழுவதும் முதல் 100 ஓமுக்குள் அடங்கிவிட்டது. உங்கள் 1 கிலோ ஓமில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே விளையாட்டு, மற்ற ஒன்பதும் சுடுகாடு. 100 ஓம் பொட் போடுங்கள்.

அந்தத் திருகைச் சிப்பின் முதல் காலுக்கு முன்னால் வையுங்கள். ஆப்-ஆம்பைப் பட்டினி போட வேண்டாம், நேரடி ஒலியும் சேர்ந்து சாகும். சிப்பின் பக்கம் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கட்டும், அது இருந்தால் மயக்கம் மெதுவாக வரும், அழகாக வரும்.

அதோடு ஓர் எச்சரிக்கை: பட்டினியிலிருந்து திரும்பும்போதும் சிப் மறுபடி 'விழித்தெழுகிறது'. அப்போது 2 கிலோ ஓம் இல்லாத ஊளைச் சுவிட்சு அழுந்தியிருந்தால் மூன்றாம்தந்தியின் முதல் நாள் கதைதான். ஆறாம் காலில் 2 கிலோ ஓமுக்குக் கீழே போக ஆசைப்படுபவர்கள் இப்படிச் செய்யலாம். கிரவுண்டுக்குப் போகும் வழியில் 10 கிலோ ஓமைத் தொடராக வைத்து, அதன் இரு முனைகளையும் ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டரால் இணையுங்கள். அதன் பேஸிலிருந்து 5 வோல்ட்டுக்கு 100 கிலோ ஓம், கிரவுண்டுக்கு 33 மைக்ரோஃபாரட். முதல் 0.4 விநாடி டிரான்சிஸ்டர் தூங்கும், சிப் 10 கிலோ ஓமைப் பார்த்து நிம்மதியாக எழும். பிறகு டிரான்சிஸ்டர் விழித்து அந்தப் பத்தை மறைத்துவிடும். மின்சாரத்தை அணைத்த கையோடு மறுபடி ஏற்றினால் மட்டும் ஏமாற்றும், கெப்பாசிட்டர் வடிய நேரம் கொடுக்க வேண்டும்.

#18 மூன்றாம்தந்தி

வேலை முடிந்தது. கொஞ்சம் இரத்தம் சிந்தித்தான் முடிந்தது.

முதலில் துளை. பலகையைக் கழற்றாமல் துளையிடலாம் என்ற சோம்பலில் ஆரம்பித்தேன். உலோகத்தூள் உள்ளே விழுந்து இரண்டு தடங்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்டது. ஒரு மணி நேரம் 'பஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சலின் காரணம் தேடிவிட்டுப் பல் துலக்கும் தூரிகையால் தீர்த்தேன். அடுத்து, ஆறாம் காலுக்குத் தடித்த கம்பி போட்டிருந்தேன். மூடியைத் திறந்து மூடும்போது அந்தக் கம்பி இழுத்து, செப்புத் தடம் பலகையிலிருந்து தோல் போல உரிந்து வந்துவிட்டது. அந்த நிமிடம் என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவில்லை, நல்லது. தடம் போய்ச் சேரும் அடுத்த ரெசிஸ்டரின் காலில் மெல்லிய கம்பியைப் பற்றவைத்து, அசையாமலிருக்கச் சூட்டுப் பசையால் ஒட்டிவிட்டேன். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு: மெல்லிய கம்பி, முதல் நாளிலிருந்தே பசை.

இப்போது பெடலில் ஊளைச் சுவிட்சு, உறுமல் பட்டன், எல்டிஆர். ஜாக்குக்கு இடம் போதவில்லை. பட்டினித் திருகும் வைக்கவில்லை. அதைப் படித்ததும் எனக்குப் பாவமாக இருந்தது. நேற்று இரவு மூன்று மணி நேரம் ஒரே ஒரு சுரத்தை வாசித்தேன். பட்டனை அழுத்திக்கொண்டு, விளக்கின் முன் கையை அசைத்துக்கொண்டு.

ஒரே ஒரு புதிர். பகலில் சன்னல் வெளிச்சத்தில் எல்டிஆர் சுத்தமாக வேலை செய்கிறது. இரவில் அறை விளக்கின் கீழ் எதிரொலியின் அடியில் பூனை முறுமுறுப்பது போல ஒரு நடுக்கம். கம்பிகளை எல்லாம் சோதித்துவிட்டேன். மின்னழுத்தமும் சரியாக இருக்கிறது.

#19 மின்காப்பு

விளக்கு மின்னுகிறது. கண்ணுக்குத் தெரியாது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கி எழும், 60 என்றால் 120 முறை. எல்டிஆர் மந்தமான பொருள்தான், ஆனாலும் அதில் கொஞ்சத்தை உணர்ந்து ஆறாம் காலுக்குச் சொல்லிவிடுகிறது. இந்தச் சிப்பில் ஆறாம் காலுக்குச் சொன்னால் சுருதியிடம் சொன்னது போல. டார்ச் விளக்கு அடித்துப் பாருங்கள், முறுமுறுப்பு போய்விடும். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் எல்டிஆரின் மேல் கறுப்புக் குழாய் ஒன்றை மாட்டி, உள்ளே தனியாக ஒரு எல்இடி வையுங்கள்.

#20 மூன்றாம்தந்தி

குழாய் கிடைக்கவில்லை. பழைய பேனாவின் கறுப்பு மூடி அளவாகப் பொருந்தியது. மாட்டினேன், முறுமுறுப்பு சுத்தமாக நின்றது. பத்து நிமிடம் வாசித்தேன். பிறகு மூடியைக் கழற்றிவிட்டேன். பூனை இல்லாமல் அறை வெறிச்சென்று இருக்கிறது.

#21 தவளைச்சத்தம்

வரவேற்கிறேன்.

#22 ஈயப்புகை

மூடியைத் தொலைத்துவிடாதீர்கள். மேடை விளக்குகளின் கீழ் அது பூனையாக இருக்காது.